நாலு விரல் உயரம்

"எந்த வழியாப் போவீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க. எந்த வண்டின்னு அப்புறம் நான் சொல்றேன்" என்றார் சைக்கிள் கடைக்காரர். கேட்டுக்கொண்டே ஒரு டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை வேறு எங்கோ வைத்திருந்தார். கடை முழுவதும் சைக்கிள்கள் தலைகீழாகத் தொங்கின. ரப்பர் வாசனையும் பஞ்சர் பசை வாசனையும் மூக்கில் ஏறின.

"ரெண்டு வலி இருக்குங்க" என்றேன்.

"வலியா? முழங்கால்லயா?"

"இல்லீங்க. போற வலி."

"ஓ, வழியா" என்று சிரித்தார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எழுத்து என் நாக்கில் ஒருநாளும் நின்றதில்லை. பழம் எனக்குப் பலம்தான், மழை எனக்கு மலைதான். ஐம்பது வயதுக்கு மேல் அதைத் திருத்த முடியாது.

முழங்காலில் வலி இருந்ததும் உண்மைதான். இருபத்தாறு வருடம் ரோடு போடுகிற வேலை. கொதிக்கிற தாருக்கும் ரோலருக்கும் நடுவில் குனிந்து ஜல்லி இறைத்த முழங்கால், இப்போது பழைய இரும்பு சைக்கிளை மிதிக்க மறுக்கிறது. எங்களை ஏற்றிப்போகும் வேனையும் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். கலவை போடுகிற இடத்தையே ஊருக்கு வெளியே, கல் உடைக்கிற ஆலைக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.

கடைக்காரரிடம் இரண்டு பழைய வண்டிகள் இருந்தன. ஒன்று ஆல்ரோடு என்கிற ரகம், ஒன்று கிராவல் ரகம். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. இரண்டுக்கும் கீழே வளைந்த கைப்பிடி. கிட்டப்போனால்தான் வித்தியாசம். ஆல்ரோடின் டயர் ஒல்லி, முப்பத்திரண்டு மில்லிமீட்டர், வழவழப்பு. கிராவலின் டயர் நாற்பத்தைந்து, மேலே மொட்டு மொட்டாக ரப்பர். அதன் உடம்பும் கொஞ்சம் நீளம், கைப்பிடி இரண்டு பக்கமும் அகன்று விரிந்திருந்தது.

"பத்துக்கு எட்டுப் பங்கு தார், நடுவுல கொஞ்சம் குண்டும் குழியும்னா ஆல்ரோடு எடுங்க. சும்மா பறக்கும். பாதிக்குப் பாதி ஜல்லின்னா அதை எடுக்காதீங்க, கை மரத்துப்போயிடும். கிராவல்ல காத்தைக் குறைச்சு வெச்சுக்கிட்டுப் போனா மெத்தையில போற மாதிரி. ஆனா தார்ல கொஞ்சம் இழுக்கும். ரெண்டும் வேணும்னா ரெண்டு பொண்டாட்டி கட்டின கதைதான், ஒருத்திகிட்டயும் நல்ல பேர் வாங்க முடியாது."

நான் தலையாட்டினேன். ஆலைக்கு இரண்டு வழி. ஒன்று ஊரைச் சுற்றிப் போகிறது, பத்தொன்பது கிலோமீட்டர். கிட்டத்தட்ட முழுவதும் தார், நாங்களே போட்டது. இன்னொன்று கால்வாய்க் கரை வழி. ஐந்து கிலோமீட்டர் தார், ஆறு கிலோமீட்டர் ஜல்லி. அதில் தார் முடிந்து ஜல்லி தொடங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாக நான் அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதிர்க் கடைப் பலகையைப் படித்தேன். எந்தப் பலகையைப் பார்த்தாலும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பிழை தேடுகிற நோய் எனக்கு இருக்கிறது. தேடுவது நான் இல்லை. தோளுக்குப் பின்னால் நின்று வேறொருவன் தேடுகிறான். பிழை அகப்பட்டால் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது என் காதில் விழும்.

அவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. சுவரொட்டி, கடைப் பலகை, பஸ்ஸில் ஒட்டிய அறிவிப்பு எதையும் சும்மா விடமாட்டான். ஒரு எழுத்து தப்பாக இருந்தால் சைக்கிளை நிறுத்திப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவான். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். என்னைவிடப் பதினாலு வயது சின்னவன். நாற்பத்தாறு வயதில், வேலை முடிந்து வந்து, அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில் நான் அனா ஆவன்னா போட்டேன். தார் பிடித்த விரலில் பேனா வழுக்கும். "மாமா, பேனாவை மண்வெட்டி மாதிரி பிடிக்காதீங்க, அது ஓடிப்போயிடாது" என்பான். நான் 'பலம்' என்று எழுதி வைத்தால், "மத்தவங்க எல்லாம் பழம் சாப்பிடறாங்க, நீங்க நேரா பலத்தையே சாப்பிடறீங்க, அதான் உடம்பு இப்படி இருக்கு" என்பான். அவனுடைய அக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

எட்டு மாதத்தில் படிக்க வந்துவிட்டது. கூலிப் பதிவேட்டில் முதல் தடவை கையெழுத்துப் போட்டபோது மேஸ்திரி கைநாட்டு மைப்பெட்டியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, "இனிமே இவருக்கு மரியாதை கொடுங்கடா" என்றார்.

அதற்குப் பிறகுதான் கால்வாய்க் கரை வேலை வந்தது. ஒருநாள் மதியம் கலவை தீர்ந்துபோனது. அன்றைய தார் அந்த இடத்தோடு நின்றது. அப்படி நிற்கும்போது ஓரத்தைச் சரிவாக இழுத்துவிட வேண்டும், சக்கரம் இறங்குவதற்கு. அதற்கும் கலவை இல்லை. தாருக்கும் ஜல்லிக்கும் நடுவில் நாலு விரல் உயரம் வெட்டின மாதிரி நின்றது. "காலையில பாத்துக்கலாம், ஒரு பலகை வெச்சுடு" என்ற மேஸ்திரி, பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். அதுவரை பலகை எழுதுவதற்கு அலுவலகத்திலிருந்துதான் ஆள் வரவேண்டும்.

இரண்டே வார்த்தை. வெள்ளை பெயின்ட். அரை மணி நேரம் எழுதினேன். எழுதி முடித்து மச்சினனுக்குப் போன் செய்தேன்.

"நானே ஒரு பலகை எழுதியிருக்கேன். வந்து பாரு."

"வேலை முடிச்சுட்டு வரேன் மாமா. மார்க் போடறதுக்குச் சிவப்புப் பேனா எடுத்துக்கிட்டு வரேன்."

அவனுடையது பந்தய சைக்கிள். விரல் கனம்தான் டயர், கல் மாதிரி காற்று அடித்திருப்பான். நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் லாரி டிரைவர் மட்டும்தான் பார்த்தார். "சிரிச்சுக்கிட்டே வந்தாருப்பா. பலகையையே பார்த்துக்கிட்டு வந்தாரு. பிரேக்கே பிடிக்கலை" என்றார். முன்சக்கரம் அந்த நாலு விரலில் இறங்கி, ஒல்லி டயர் ஜல்லிக்குள் புதைந்து, வண்டி அங்கேயே நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. ஓரக்கல்லில் தலை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்து அந்தப் பலகையைத் தூக்கினேன். எதைப் பார்த்துச் சிரித்தான்? டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். முதல் தடவை சரியாகத்தான் தெரிந்தது. மூன்றாவது தடவைதான் கண்டுபிடித்தேன். தார் வாளியில் பிரஷ்ஷைத் தோய்த்து முழுப் பலகையையும் பூசி மெழுகினேன்.

என் மனைவிக்குத் தெரிந்தது டிரைவர் சொன்ன முதல் பாதி மட்டும்தான். "என் தம்பி சிரிச்சுக்கிட்டே போனான்" என்று துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் சொன்னாள். இப்போதும் சொல்கிறாள். அவளை நிமிர்த்தி வைத்திருக்கிற கம்பு அந்த ஒரு வாக்கியம். எப்போதாவது துணி மடித்துக்கொண்டே, "எதை நெனச்சுச் சிரிச்சிருப்பான்?" என்பாள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதையும் விட்டுவிட்டேன். விரலில் கொப்புளம் என்று சொல்லி மறுபடி கைநாட்டு. மூன்று வருடமாக ஆறாத கொப்புளம் என்னவென்று மேஸ்திரி கேட்கவில்லை.

வீட்டில் இரண்டு வண்டிகளைப் பற்றியும் சொன்னேன். ஆல்ரோடுதான் எனக்குச் சரிப்படும் என்று முடித்தேன்.

"கரை வழியா பதினொண்ணு. சுத்திப்போனா பத்தொன்பது. முட்டிவலிக்காரர் எட்டு கிலோமீட்டர் அதிகமா மிதிக்கவா புது வண்டி வாங்கறாரு?" என்றாள்.

"ஜல்லி எனக்கு ஒத்துக்காது."

"வாழ்க்கை முழுக்க ஜல்லியைத்தானே தின்னீங்க." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு அந்த இடம் ஒத்துக்கலை. எனக்கு மட்டும் ஒத்துக்குமா? நானும் பார்த்ததில்லைதான். ஞாயித்துக்கிழமை போகலாம். ரெண்டு பேரும்."

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் சைக்கிளில்தான் போவாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரரிடம், "ரெண்டையும் கொடுங்க, ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வாங்குவோம். எங்க வண்டி ரெண்டும் இங்க நிக்கட்டும்" என்றாள்.

"அதை யாரும் திருடமாட்டாங்க, தைரியமாப் போங்க" என்றார் அவர். கிராவலில் என் எடைக்குத் தக்கபடி காற்றைக் குறைத்தார். ஆல்ரோடில் அவளுக்காக இருக்கையை இறக்கிக் கொடுத்தார். "இதுல அடிச்சிருக்கிறது தார்ல போற காத்து. ஜல்லியில இறங்கினா குலுக்கி எடுத்துடும், பார்த்து" என்றார்.

"வண்டிக்கு எதுக்கு ஆட்டுக்கொம்பு?" என்று கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறினாள்.

தாரில் அவள்தான் முன்னால் போனாள். அந்த வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. என் டயரின் மொட்டுகள் தாரில் தேனீ மாதிரி முனகின. ஐந்து கிலோமீட்டரும் நான் போட்ட ரோடு. எந்த இடத்தில் கலவை சூடு ஆறிப்போயிருந்தது, எந்த இடத்தில் மழை வந்து கெடுத்தது என்று சக்கரம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. கால்வாயில் தண்ணீர் இல்லை. தூரத்தில் தார் கறுப்பு முடிந்து ஜல்லி வெளுப்பு தெரிந்தபோது எனக்குப் பின்னால் இன்னொரு சைக்கிள் வருகிற மாதிரி இருந்தது. மிதிப்பதை நிறுத்திவிட்டு வருகிறவனின் சக்கரம் டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டே வருமே, அந்தச் சத்தம். நான் மிதிப்பதை நிறுத்தினேன். சத்தம் கூடியது. திரும்பிப் பார்க்கவில்லை. என் வண்டிச் சத்தமாகவும் இருக்கலாம்.

மீதி ரோடு அன்றோடு நின்றுபோனது, யாரும் போடவில்லை. நாலு விரல் உயரம் சக்கரங்கள் ஏறி இறங்கித் தேய்ந்து இரண்டு விரலாகியிருந்தது. அவள் இறங்கி நின்றாள்.

"இதுதானா?"

"இதுதான்."

செருப்பு நுனியால் அந்த விளிம்பைத் தடவினாள். "இவ்வளவுதான் இருக்கு" என்றாள். "இதுலயா போனான்?"

"அப்போ அதிகம் இருந்துச்சு." வண்டியைக் கரையோரம் படுக்க வைத்தேன். "நான்தான் அவனை வரச்சொன்னேன்."

அவள் திரும்பினாள்.

"போன் பண்ணி வரச்சொன்னேன். இங்க ஒரு பலகை இருந்துச்சு. நான் எழுதினது. அதைப் படிச்சுத்தான் சிரிச்சான்."

"என்ன எழுதினீங்க?"

"வலி இல்லைன்னு எழுதினேன்."

"சரி. மேல ரோடு இல்லைன்னா வழி இல்லைன்னுதானே எழுதணும். அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"இல்ல. வலி. வலி இல்லைன்னு எழுதிட்டேன்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன், வழி இல்லைன்னு."

இருபத்தெட்டு வருடம் என் நாக்கோடு குடித்தனம் பண்ணியவள். நான் எதைச் சொன்னாலும் அவள் காது அதைத் திருத்தித்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் சரியான வார்த்தையாகவே அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஒரு ஜல்லிக் கல்லை எடுத்தேன். முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, தாரின் ஓரத்தில், வெள்ளை விழும்படி அழுத்தி எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. எழுதி முடித்து அவள் நிற்கிற பக்கத்திலிருந்து படிக்கும்படி நகர்ந்துகொண்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். உதடு அசைந்தது. ஒருமுறை படித்தாள். பிறகு இன்னொருமுறை, அந்த ஒரு எழுத்தில் நின்று.

"இதைப் பார்த்தா சிரிச்சான்?"

"ஆமா."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

கால்வாயின் அந்தப் பக்கம் ஒரு நாய் எங்களைப் பார்த்துவிட்டு, அக்கறை இல்லாமல் நடந்துபோனது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவள் ஆல்ரோடை நிமிர்த்தினாள். வீட்டுப் பக்கம் திருப்புவாள் என்று நினைத்தேன். விளிம்புக்குக் கீழே இறக்கி, ஜல்லியில் நிறுத்தி, ஏறினாள்.

"அந்த டயர் ஜல்லிக்கு ஆகாது. இதை எடுத்துக்கோ" என்றேன்.

அவள் மிதித்தாள். ஒல்லி டயர் கற்களை இரண்டு பக்கமும் துப்பிக்கொண்டு, ஒருமுறை வழுக்கி, பிடித்துக்கொண்டு போனது. நான் எழுந்து நின்றேன். வெயிலில் கரை வெள்ளையாக நீண்டு கிடந்தது. அதன் நடுவில் அவளுடைய முதுகு. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன. அழுகிறாளா, சிரிக்கிறாளா, வண்டிதான் குலுக்குகிறதா என்று பின்னால் இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை. அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். குலுக்கல் மட்டும் குறையவில்லை.