புகைப்புரையில் காய்ந்த உடுப்பு

ஆடி மழையில் துணி காயாது. ஆகையால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புரையிலேயே மகளுடைய பள்ளிக்கூட உடுப்பையும் தொங்கவிட்டாள் என் மனைவி ராகேல். நன்றாகக் காய்ந்தது. நாங்கள் அந்தப் புகையிலேயே கிடக்கிறவர்கள். மணம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் தெரிந்தது.

"ஷீட்டு வருதுன்னு மூக்கப் பொத்துகானுவ. நான் இனி போவமாட்டேன்ப்பா" என்றாள் ஆன்ஸ்லின்.

அவள் கையை மோந்து பார்த்தேன். "ஒண்ணும் இல்லியே மக்கா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே தெரியல்ல. அவனுவளுக்க மூக்க வச்சுத்தான் என்னைய நானே மோந்து பாக்கேன்."

மறுநாள் ராகேல் திட்டியும் கெஞ்சியும் அவளைக் கிளப்பினாள். புரையில் கிடந்ததை அவள் தொடவில்லை. துவைத்துப் போட்டிருந்த ஈர உடுப்பையே உடுத்துக்கொண்டு போனாள்.

காய்ச்சல் வந்தால் அதையே சாக்காக வைத்துப் படிப்பை விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டு கிரேசியிடம் அவள் மகளுடைய உலர்ந்த உடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு, வேலைச் சட்டையோடேயே ஓடினேன்.

வகுப்புக்குள் சத்தியபாய் டீச்சர், ஷீட்டு என்று பேர் வைத்த ஜெபிஷை எழுப்பி நிறுத்தியிருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"உனக்க சட்டையில என்ன மணம்லே?"

அவன் காலரை இழுத்து மோந்தான். "ஒண்ணும் இல்ல டீச்சர்."

முன்பெஞ்சு ஜெமி எட்டி மோந்தாள். "கோழிக்கூடு டீச்சர்! இவனுக்க வீட்டுல கோழிப்பண்ணை."

"ஏட்டி, உனக்க தலையில தைலம் நாறுகது தெரியல்லியா?" என்றான் ஜெபிஷ்.

ஆளாளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களை மோந்து சிரிக்கத் தொடங்கினார்கள். டீச்சர் தடுக்கவில்லை. தன் சேலைத் தலைப்பையும் நீட்டினார். "எனக்கு?"

"மீன்கறி டீச்சர்!"

ஆன்ஸ்லினும் சிரித்தாள். குளிரில் அவள் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எல்லோரும் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்கள். சட்டை முழுக்கப் பால் உறைந்து கறுத்திருந்தது. உடுப்புப் பொதியை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று குனிந்தேன்.

ஆன்ஸ்லின் எழும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்க அப்பா. பால் வெட்டிட்டு நேரா வாறாரு. மணம் தாங்காதவனுவ ஜன்னலத் தெறங்கலே."

ஜெபிஷ் திறந்தான். சாரல் அவன் புத்தகத்தில் அடித்தது. அவனே அடைத்தான்.

சாயங்காலம் ஆன்ஸ்லின் அந்த ஈர உடுப்பை ராகேலிடம் நீட்டினாள்.

"புரையிலேயே போடும்மா. தீக்குக் கொஞ்சம் தள்ளிப் போடு."