ஒட்டுப் பொட்டு

இத்தாலியில், பாலெர்மோ சிறைச்சாலைக்கு எதிரே இருந்த காப்பிக் கடையின் கழிப்பறையில் இரண்டு பெண்கள் ஒன்றாக நிற்க இடம் போதாது. கிளறா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கைப்பைக்குள்ளிருந்து ஒட்டுப் பொட்டு அட்டையை எடுத்தாள். ஞானம்பிகை முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் பாராமல் அவளைப் பார்த்து நின்றாள். மன்னாரில் பிறந்து வளர்ந்த கிளறா தன் நெற்றியிலேயே ஒருநாளும் பொட்டு வைத்தவளல்ல. விபூதிப் புதனன்று சுவாமியார் பூசிவிடும் சாம்பல்தான் அந்த நெற்றி கண்ட ஒரே அலங்காரம். அப்படிப்பட்டவளிடம்தான், புருஷனை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு சைவக்காரி பொட்டு வைத்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

"நான் குங்குமமல்லோ வைக்கிறனான்," என்றாள் ஞானம்பிகை. "உதைக் கண்டால் உள்ளை இருக்கிற மகன் யோசிப்பான்."

"குங்குமச்சிமிழை நீங்கள்தானே அக்கா எறிஞ்சனீங்கள். வங்காளியின்ரை கடையிலை இதுதான் கிடந்தது."

"சரி, வையும். என்ரை கையாலை வைக்க ஏலாது. எங்கடை ஆக்களிட்டைக் கேக்கவும் ஏலாது. நீர் வேதக்காரி, உமக்குப் பாவமில்லை."

வேதக்காரிக்குத்தான் இதில் பாவம் முழுவதும் என்று கிளறா நினைத்துக்கொண்டாள். அவளுடைய கோயில் பங்கில் சிறைப்பணிக் குழு என்று ஒன்று இருந்தது. லிபெர்த்தா வீதியில், தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்து, சிஞ்ஞோராவின் நாயைக் குளிப்பாட்டி முடிந்த மத்தியானங்களில் அவள் அந்தக் குழுவோடு போய் வருவாள். உள்ளே இருப்பவர்களுக்கு உள்ளாடை, சவர்க்காரம், செருப்பு கொண்டுபோவார்கள். கைதிகளின் வீட்டாருக்கு மொழி பெயர்ப்பார்கள். யாராவது கேட்டால் சேர்ந்து செபம் சொல்வார்கள். குழுவில் சேர்ந்த அன்று சுவாமியார் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வெளியில் உள்ள எல்லோரும் அவர்களுக்குப் பொய் சொல்லியாயிற்று, நீங்களாவது சொல்லாதீர்கள். கிளறா அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டாள். தான் நல்லவள் என்று அவளுக்குக் கொஞ்சம் எண்ணமும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

ஞானம்பிகையின் மகன் பிரசாந், பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிளில் வேறு யாருடையதோ பொதியையும் கொண்டுபோய்க் கொடுத்து அகப்பட்டவன். தகப்பனைப் போலவே தடித்த மீசை. அந்த மீசையை அவன் கைதுசெய்யப்பட்ட அன்றுகூடச் சீவியிருந்தான் என்று தாய் சொல்லி அழுதிருக்கிறாள். கிளறா கொடுத்த செபமாலையை மறுக்காமல் வாங்கி, கட்டிலருகே முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருப்பதாகச் சொன்னான். கிளறாவுக்கு அது போதுமாயிருந்தது.

தகப்பன் இராஜதுரை வருத்தம் வந்து படுத்தபிறகு ஊரோடு போய்க் கோண்டாவிலில் தமக்கையோடு இருந்தார். ஆடி கடைசியில் கண்ணை மூடிவிட்டார். ஒரேத்தோ வீதியில், இன்னொரு குடும்பத்தோடு பங்கிட்டு இருந்த வீட்டின் சமையலறையில், ஞானம்பிகை செத்த வீட்டைப் போனில் பார்த்தாள். ஒரே மகன் வைக்கவேண்டிய கொள்ளியை, இராஜதுரையின் சகோதரன் மகனான பெறாமகன் வைத்தான். தலையையும் மீசையையும் மழித்து, தோளில் குடத்தோடு அவன் சுற்றி வந்தபோது, போனைப் பிடித்துக்கொண்டிருந்த கிளறாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞானம்பிகை ஆடவில்லை, அசையவில்லை. எல்லாம் முடிந்தபிறகு, "பிரசாந்துக்குத் தெரியப்படாது," என்று மட்டும் சொன்னாள்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. தகப்பன் விழுந்துவிட்டார் என்று கேட்டதற்கே சுவரில் குத்திக் கையை உடைத்துக்கொண்டவன் பிரசாந். மிச்சத் தண்டனையை வீட்டிலிருந்து கழிக்கலாமா என்று நீதிபதி அடுத்த மாதம்தான் சொல்வார். அதற்குள் அவன் ஒரு கதிரையைத் தூக்கி எறிந்தால் போதும், எல்லாம் பாழ். வீட்டுக்கு வந்தபிறகு மடியில் போட்டுச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் தாய். கிளறாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அவள் பொட்டை ஒட்டினாள். நடுவில் வைத்ததாகத்தான் நினைத்தாள். ஞானம்பிகை சால்வையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டாள். வெளியே, தெற்கிலிருந்து வரும் சிறொக்கோ காற்று அடுப்படி வாசலைப் போல அனலடித்தது. அந்த வெக்கையில் பாலெர்மோவிலேயே சால்வை போட்டிருந்த மனுஷி அவள் ஒருத்திதான். தாலி இல்லாத கழுத்தை வேறு எதைக்கொண்டு மறைப்பது?

உள்ளே பைகளைப் பூட்டிவைத்துவிட்டு, பெண் காவலரின் கை உடம்பெல்லாம் தடவ விட்டுக்கொடுத்து, இரும்புக் கதவுகளைத் தாண்டிப் போனார்கள். தாய்க்கு இத்தாலி மொழி போதாது என்பதால் குழுவிலிருந்து கிளறாவுக்கும் அனுமதி கிடைத்திருந்தது. சந்திக்கும் கூடத்தில் மேசைகள் போட்டிருந்தன. பிள்ளைகளின் சத்தம் காதை அடைத்தது. ஞானம்பிகை ஒவ்வொரு கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பழகினாள். சிரிக்கப் பழகுகிறாள் என்று கிளறாவுக்குப் பிறகுதான் விளங்கியது.

பிரசாந் வந்தான். யாரோ வேறு ஆள் என்றுதான் கிளறா முதலில் நினைத்தாள். தலை மொட்டை. மேலுதடு வெறுமையாக, வெயில் படாத தோலாக வெளிறிக் கிடந்தது. மேசைக்கு அடியில் ஞானம்பிகையின் கை கிளறாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்னடா கோலமிது?"

"வெக்கை அம்மா. பேனும் வந்திட்டுது. எல்லாருக்கும் வழிச்சுவிட்டவங்கள்."

கிளறா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரன் முடியை எண்ணெய் பூசி வாரியிருந்தான். அதற்கப்பால் இருந்தவனுக்குத் தோள்வரை சுருள்முடி. கூடம் முழுவதிலும் மொட்டைத்தலை ஒன்றுதான் இருந்தது, அது அவர்கள் முன்னால் இருந்தது. அதே கட்டிடத்தில் பருத்தித்துறைக்காரர் ஒருவரும் இருக்கிறார், அவருடைய மனைவி கிழமைதோறும் வந்துபோகிறாள் என்பது அப்போதுதான் கிளறாவின் நினைவுக்கு வந்தது. மூடிவைத்தது எத்தனை நாளைக்குத் தங்கும்? அவன் கதிரையைத் தூக்கவில்லை. சுவரில் குத்தவில்லை. சவரக்கத்தி கேட்டு வாங்கி, தண்ணீர்க்குழாயடியில் தனியே நின்று, மகனுக்குரியதைச் செய்திருக்கிறான்.

மீசையையும் ஏன் வழித்தார்கள் என்று ஞானம்பிகை கேட்பாள் என்று கிளறா காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை.

"வெக்கைக்கு நல்லதுதான்," என்றாள். "சாப்பிட்டியோ?"

"ஓம். நீங்கள்?"

"நானும்."

இந்த இரண்டு பேரையும் ஒன்றாக அழவிடுவதுதான் தான் செய்யவேண்டிய ஊழியம் என்று கிளறாவுக்குப் பட்டது. ஒரு வசனம் போதும். அவள் வாயைத் திறந்தாள். ஞானம்பிகையின் விரல்கள் மணிக்கட்டில் இன்னும் இறுகின. கிளறா வாயை மூடிக்கொண்டாள். செபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அப்பா எப்பிடி இருக்கிறார்?" என்று பிரசாந் கேட்டான். குரல் தடுமாறாமல் வந்தது. அதற்கும் பழகியிருப்பான்.

"இருக்கிறார். உன்னைத்தான் கேட்டவர்."

"நான் சுகமாயிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. வாற மாதம் வீட்டை வருவன் எண்டும் சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

அவன் தாயின் சால்வையைப் பார்த்தான். பிறகு நெற்றியைப் பார்த்தான். வேர்வையில் பசை விட்டு, பொட்டு ஒரு புருவத்தின் பக்கம் வழுக்கி வந்துவிட்டிருந்தது. கிளறா அதைக் கவனிக்கவேயில்லை. பிரசாந் மேசைக்கு மேலால் கையை நீட்டினான். சுவரோரம் நின்ற காவலர் தலையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொட்டு விழப்போகுது, அம்மா."

உடைந்து பொருந்திய அந்தக் கையின் பெருவிரலால் அவன் பொட்டை மெல்ல நடுநெற்றிக்குத் தள்ளி, அது இனி அசையாதபடி அழுத்திப் பிடித்தான். ஞானம்பிகை கண்களை மூடி, நெற்றியை அவனுக்குக் கொடுத்தபடி இருந்தாள். அவன் விரலை எடுக்கவில்லை.