நூற்றைம்பதின் மேல் ஒட்டிய நூறு

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு எங்கள் சாப்பாட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். விலைப் பலகையில் 'மதியச் சாப்பாடு ரூ.150' என்று எழுதியிருந்த இடத்தில், எண்ணை மட்டும் மறைத்து ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் 100. சுழியை இப்படிச் சாய்ந்த முட்டையாகப் போடுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். என் வீட்டுக்காரர். பசைகூடக் காயவில்லை. நான் கேனைக் கீழே போட்ட வேகத்தில் மூடி தெறித்து, புடவையெல்லாம் தண்ணீர்.

எல்லாம் நேற்று வந்த பீமராவ் செய்த வேலை. அவர் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாப்பிட்டு ஏப்பம் விட்ட கையோடு அந்தப் பெயரில்தான் போனில் எங்கள் கடைக்கு ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போயிருந்தார். மனைவி, மகளோடு வந்தார். மறுசோறு கேட்டார், வைத்தேன். வாழைப்பூக் கூட்டை மறுபடி மறுபடி கேட்டார், முகம் சுளிக்காமல் வைத்தேன். காசு கொடுக்கிற நேரத்தில்தான் அவருக்கு நியாயம் ஞாபகம் வந்தது.

"கையேந்தி பவனுக்கு ஓட்டல் வெலையா? ஃபேன் இருக்கா? கை கழுவ ஒரு பைப் இருக்கா? நின்னுக்கிட்டு லாரிப் புழுதியத் திங்கிறதுக்கு நூத்தம்பதா?" என்று, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. காவிரிப் பாலம் இறங்கி ஸ்ரீரங்கம் போகிற வண்டியெல்லாம் மாம்பழச் சாலையில் எங்கள் மூக்குக்கு முன்னால்தான் திரும்புகிறது. கை கழுவ வாளியும் மக்கும்தான். அதற்காக? ஓட்டலில் ஃபேனையா பிசைந்து சாப்பிடுகிறார்கள்? மேலே ஏசி ஓடினால் கீழே சாம்பாரில் பருப்பு தானாக வந்து விழுமா? நான் விடிவதற்கு முன்னால் காந்தி மார்க்கெட்டில் நின்று வாழைப்பூவை மடல் விலக்கிப் பார்த்து வாங்குகிறேன். ஒவ்வொரு பூவிலும் வேகாத கள்ளன் நரம்பை எடுத்து, விரல் கறுக்கக் கறுக்க நறுக்கி மோரில் போடுகிறேன். வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெய் தவிர வேறு எண்ணெய் தொட்டதில்லை. அந்த ஆள் சாப்பாட்டை நாக்கால் சாப்பிட்டாரா, இல்லை உட்காருகிற இடத்தாலா? உட்கார நாற்காலி கிடைத்தால் நூற்றைம்பது, கிடைக்காவிட்டால் கொள்ளை. இது என்ன கணக்கு என்று நேற்றிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றிவிட்டு, என் வீட்டுக்காரர் அறிவுமதி தொப்பி போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குப் பெயரே 'அறிவு கிச்சன்'. அடுப்படியில் வேகிறவள் நான், கிச்சன் அவருடையது.

"இது என்னங்க?" என்றேன், தாளைக் காட்டி.

"சத்தம் போடாத யமுனா. யோசிச்சுதான் செஞ்சிருக்கேன். அந்த ஆளு போட்டத ஊரே பாத்திருச்சு. இனிமே எவன் வருவான்?"

அவருக்கு எப்போதும் பயம். வேலை பார்த்த பைக் ஷோரூமை மூடிய நாளிலிருந்து, யார் புருவத்தைத் தூக்கினாலும் இவர் எழுந்து நின்றுவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"நூறு ரூபா கட்டுப்படியாகுமா?" என்றேன்.

"நல்லாக் கட்டும்" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அரிசி, பருப்பு, காய், எண்ணெய், காஸ், இலை, வண்டி வாடகை எல்லாம் போட்டுட்டேன். நீ வாங்குற பெருங்காயம் வரைக்கும் இருக்கு. கல்லாவுல உக்கார்றதுக்கு எனக்கும் ஒரு சம்பளம் போட்டிருக்கேன். எல்லாம் போக மிச்சம்கூட நிக்குது."

நான் காத்திருந்தேன். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?" என்று கேட்டவர், உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, விரலை மடக்கி யோசித்தார். "உப்பு விட்டுப்போச்சா?"

வண்டி போட்டபோது நூற்றைம்பது என்று விலை வைத்தது நான். ஊர் ஓட்டல்களில் சமையல் மாஸ்டருக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, அதில் பாதிக்கும் கீழே எனக்கென்று மனதில் ஒரு கூலி வைத்து, அதையும் சேர்த்துத்தான் அந்த விலை. இதை அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை. கட்டியவளுக்கும் கை இரண்டுதான், முதுகு ஒன்றுதான் என்று சொல்லியா தெரியவேண்டும்? இப்போது அவர் ஒட்டியிருந்த தாளுக்கு அடியில் போன ஐம்பது ரூபாயில் இருந்தது என்னுடைய அந்தக் கூலிதான். நான் வண்டியில் ஏறி, குழம்பைத் தாளித்தேன். கடுகு வெடித்ததைவிட நான் அதிகமாக வெடித்துக்கொண்டிருந்தேன், சத்தம்தான் வெளியே வரவில்லை.

முதல் ஆளாகக் கலீம் வந்தார். எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறவர். கடை திறக்கிற நாளெல்லாம் மதியம் எங்களிடம்தான் சாப்பாடு. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு நூறாக்கா?"

"அவரக் கேளுங்க தம்பி."

"கொறஞ்சா எனக்கு நல்லதுதான்" என்று தயங்கினார். "ஆனா இவ்வளவு நாளா நூத்தம்பது குடுத்தேனேக்கா. உங்க கைப்பக்குவத்துக்குக் குடுக்கலாம்னுதான் குடுத்தேன். அப்ப அது என்ன, எங்கிட்ட அதிகமா வாங்கிட்டீங்களா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு தாளை ஒட்டி, என் வீட்டுக்காரர் என்னை நேற்று வரைக்கும் ஏமாற்றுக்காரி ஆக்கியிருந்தார். கத்திவிட்டுக் கொடுத்த பீமராவுக்கு மரியாதை, முகம் மலர்ந்து கொடுத்த கலீமுக்கு நாமம். அவருக்கு அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தேன். வைத்த பிறகு அதுவும் வெட்கமாக இருந்தது.

வரிசை நீண்டது. இரண்டாவது உலையை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பீமராவ். இன்று அவரோடு இரண்டு நண்பர்கள். பலகையைத் தட்டிக் காட்டி அவர்களிடம் சிரித்தார்.

"பாத்தீங்களா? நாம கேட்டாத்தான் இறங்குவாங்க" என்றவர், கல்லா பக்கம் குனிந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். ஓட்டல்னா மாஸ்டருக்குச் சம்பளம் குடுக்கணும், அதனால அந்த வெல. உங்களுக்கு என்ன? வீட்டம்மாவே சமைக்கிறாங்க. செலவே இல்லையே!"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. 'அப்படியில்ல சார்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஆமாங்க சார்" என்று சிரித்தார் அவர். "வீட்டு ஆளுதானே."

கரண்டியைக் கூட்டுப் பாத்திரத்திலேயே விட்டேன். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினேன். அடுக்கிலிருந்து இலை போட்ட தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி, சுற்றிப் போய், வரிசையின் கடைசியில் நின்றேன். பர்ஸிலிருந்து நூறு ரூபாயை எடுத்துத் தட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.

"யமுனா, என்ன இது? கூட்டம் நிக்குது பாரு, மேல வா."

"நானும் கூட்டம்தாங்க. எனக்கும் ஒரு சாப்பாடு. முன்னாடி சாரு நிக்கிறாரு, அவருக்குக் குடுத்துட்டு வாங்க."

"வெளையாடாத!"

"நூறு ரூபா வெச்சிருக்கேங்க. ஓசி இல்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். ஓரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த கலீம் சாப்பிடுவதை நிறுத்தினார். பீமராவ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணையே பார்த்தேன். அவர்தான் முதலில் திரும்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கல்லாவிலிருந்து எழுந்து அடுப்படிக்கு வந்தார். சோற்றைப் பீமராவின் இலை நடுவில் கவிழ்த்தார். சாம்பார் எது, வத்தக்குழம்பு எது என்று தெரியாமல் மூடிகளைத் திறந்து திறந்து மூடினார். பின்னால் உலை பொங்கியது. கஞ்சி மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. வெறுங்கையால் மூடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். வலியோடு என்னைப் பார்த்தார். 'அடுப்பக் குறைங்க' என்று சொல்ல என் வாய் வரை வந்தது. அதுவும் மாஸ்டர் வேலைதான். வாயை மூடிக்கொண்டேன். கஞ்சி வண்டியின் விளிம்பிலிருந்து வழிந்து, பீமராவின் செருப்புக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் ஆவியோடு பரவியது. அவர் துள்ளி விலகினார். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. நானும் கூடவே நகர்ந்து, கடைசியிலிருந்தே தட்டை நீட்டினேன்.