பரணில் வேகும் புல்

பொலோனா கம்பியை உருவிய வேகத்தில் கையை விட்டுவிட்டாள். அது பலகையில் விழுந்து உருண்டது. கால் மணி நேரம் புல்லுக்குள் செருகி வைத்திருந்த இரும்புக் கம்பி. வெளியே எடுத்து முனையைப் பிடித்தபடி ஐந்து எண்ண முடிந்தால் பயமில்லை. அவளால் ஒன்றுகூட எண்ண முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். நான்கு நாளாக மழை இல்லை. ஆனாலும் கூரைச் சட்டங்களின் அடிப்புறம் நனைந்து, துளித்துளியாக நீர் கோத்து நின்றது. பரண் நிறைய, இரண்டு ஆள் உயரத்துக்குக் குவித்திருந்த புல்லிலிருந்து சர்க்கரைப் பாகு கருகுவதுபோல் வாசனை வந்தது. போன வாரம் பணம் கட்டி அந்தப் புல்லின் மேல் படுத்துத் தூங்கிய விருந்தினர்களுக்கு வாசனை பிடித்துப்போயிருந்தது. அப்போது இவ்வளவு இல்லை. ஒரு பெண் கைப்பிடிப் புல்லைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போனாள், தலையணைக்குள் வைத்துக்கொள்ள. இன்று மாலை ஐந்து மணிக்கு இன்னும் ஆறு பேர் வருகிறார்கள். அவர்களும் இதன் மேல்தான் படுக்கப்போகிறார்கள்.

கீழே தொழுவத்தில் இரண்டு பசுக்கள் இருந்தன. மற்றவை மலை மேய்ச்சலுக்குப் போயிருந்தன.

போஹின் பள்ளத்தாக்கில் அந்தச் சரிவுகளில் புல் அறுக்கத் தேதி உண்டு. பூக்கள் விதை உதிர்த்து, வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டு முடியும்வரை அரிவாள் படக்கூடாது. அதற்கு உதவித்தொகை கிடைக்கிறது. பொலோனாவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அறுத்த புல்லைக் கழிப்பந்தலில் காயப்போடுவார்கள். கூரையிட்ட நீளமான மரச்சட்டம், குறுக்கே ஏணிப்படிபோல் கழிகள். மழை பெய்தாலும் காற்று நுழைந்து நுழைந்து இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். இந்த வருடம் பந்தல் காலியாக இல்லை. நகரத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்து, பழைய கிராம வாழ்க்கைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகக் கழிகளில் வெள்ளைத் துணியும் பூச்சரமும் கட்டியிருந்தது. புல் அறுத்த இரண்டாம் நாள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பாதி காய்ந்த புல்லை அவள் கணவன் காஷ்பெர் நேரே பரணில் ஏற்றினான். அவளும்தான் ஏற்றினாள். இன்று அதற்குப் பதினைந்தாம் நாள்.

ஈரப்புல் தனக்குள் தானே சூடாகும். முதலில் அதில் வாழும் நுண்ணுயிர்களால். அந்தச் சூட்டில் அவை செத்த பிறகும் சூடு நிற்பதில்லை. எந்த உயிரும் தேவையில்லாமல் ஏறிக்கொண்டே போகும். மூன்று வாரம்வரை எந்த நிமிடமும் பற்றலாம். ஊரில் இதையெல்லாம் எல்லோருக்கும் சொல்பவனே காஷ்பெர்தான். ஊர்த் தீயணைப்புப் படையின் துணைத் தலைவன். ஒவ்வொரு கோடையிலும் நோட்டீசோடு வீடு வீடாகப் போவான்.

அவன் முற்றத்தில் விருந்தினர்களுக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தான். அவள் கம்பியைப் பற்றிச் சொன்னாள். அவன் அவளுடைய சிவந்த விரல்களைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. வின்கோ மாமாவைக் கூப்பிடலாம். தீயணைப்பு வண்டியோட வரட்டும்."

"கூப்பிட்டா சங்கு ஊதும். ஊரே வந்து நிக்கும். துணைத் தலைவன் வீட்டுலயே புல்லு வேகுதுன்னு அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்."

"உனக்கென்ன, வீட்டுக்குள்ள இருந்துப்ப. நான்ல அவனுங்க மூஞ்சியில முழிக்கணும்."

நடுவில் கிளறிவிட்டால் சூடு வெளியே போய்விடும், அரை மணி வேலை என்றான். கிளறினால் காற்று உள்ளே போகும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"மேல ஏறாதீங்க, உள்ள எரிஞ்சு பொந்து விழுந்திருக்கும்னு நீதானே சொல்லுவ," என்றாள்.

"அது மத்தவங்களுக்குச் சொல்றது."

அவன் புல் கிளறும் கவைக்கோலை எடுத்துக்கொண்டு பரணேறினான். அவள் பசுக்களை அவிழ்க்க ஓடினாள். முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது கால்களை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. தலைக்கு மேலே கவைக்கோல் புல்லைப் பறிக்கும் சத்தம் சரக், சரக் என்று கேட்டது. பசுவைத் தள்ளி வெளியே விட்டதும் போனை எடுத்தாள். அவனைக் கேட்காமல் வீட்டுக்குள் யாரையும் கூப்பிட்டவள் இல்லை அவள். போனில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசவும் வராது. தீயணைப்பு அவசர எண்ணை அழுத்தினாள். குரல் எழும்பாததால் வீட்டு எண்ணை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

போனை வைத்தபோது மேலே சத்தம் நின்றிருந்தது.

அவள் ஏணியில் ஏறினாள். காஷ்பெர் புல்லின் நடுவே இடுப்புவரை புதைந்திருந்தான். கவைக்கோல் குறுக்கே விழுந்திருந்தது. அதன் மேல் இரண்டு கைகளையும் விரித்து அசையாமல் இருந்தான்.

"வராத. அங்கயே நில்லு," என்றான். குரல் மிகவும் மெதுவாக வந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல. "கீழ ஒண்ணும் இல்ல பொலோனா. காலு எதுலயும் படல."

"சுடுதா?"

"சுடுது."

அவன் இடுப்பைச் சுற்றி நூல் நூலாகப் புகை எழுந்தது. அவள் ஓரப் பலகையில் நின்றபடி ஏணியை மேலே இழுத்தாள். அத்தனை கனமான ஏணியை எப்படி இழுத்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. இழுத்ததைப் புல்லின் மேல் படுக்கையாக அவனை நோக்கித் தள்ளினாள். பாதியில் அது சிக்கியது. புல் மெல்லத் தாழ்ந்தது. அவன் நெஞ்சுவரை இறங்கிவிட்டான்.

அப்போதுதான் சங்கு ஊத ஆரம்பித்தது.

அவன் அவளைப் பார்த்தான். "கூப்பிட்டுட்டியா?"

"ஆமா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் ஏணியைத் தூக்கி மறுபடி தள்ளினாள். கடைசிப் படி அவன் விரலில் பட்டது. பிடித்துக்கொண்டான். "அந்தப் பக்கம் பிடிச்சுக்க," என்றான். அவள் ஏணியின் மறுமுனையைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் படிப்படியாகத் தன்னை வெளியே இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்தான். ஒரு காலணி உள்ளேயே தங்கிவிட்டது. அவன் எழுந்துவந்த குழியிலிருந்து புகை இப்போது கயிறுபோல் திரண்டு வந்தது.

படைத் தலைவர் வின்கோ எட்டே நிமிடத்தில் வண்டியோடு வந்தார். அடுத்த வீட்டுக்காரர்தான், அறுபது வயது. குழாயைத் தயாராக வைத்துக்கொண்டு, பலகை போட்டு, ஓரத்திலிருந்து அடுக்கடுக்காகப் புல்லை எடுக்கச் சொன்னார். நடுப்பகுதிக்கு வந்தார்கள். ஒரு கன்று படுக்கும் அளவுக்குக் கறுப்புப் பொந்து. காற்று பட்டதும் அதன் விளிம்பு சிவந்தது. தண்ணீர் பீய்ச்சியதும் பரண் முழுக்க ஆவி சூழ்ந்தது.

ஐந்து மணிக்கு வந்த ஆறு பேரையும் பொலோனா வேறு பண்ணைக்கு அனுப்பிவைத்தாள். போகும் முன் ஒருவர், இது இங்கே வழக்கமாக நடப்பதா என்று மரியாதையாக விசாரித்தார்.

பரண் தப்பியது. குளிர்காலத் தீவனத்தில் பாதி, வயலில் கறுப்புக் குப்பையாகக் கிடந்து புகைந்தது. காஷ்பெர் வெந்த காலை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போன மாசம் எங்க வீட்டுல ஒரு மணி நேரம் பாடம் எடுத்தியேப்பா," என்றார் வின்கோ. "அந்த நோட்டீஸ் ஒண்ணு மிச்சம் இருந்தா நீயே வச்சுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். காஷ்பெர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவ கூப்பிடலேன்னா நான் உள்ளதான்," என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

பொலோனா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது வின்கோ பக்கத்தில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வாசனை எப்படி இருந்துச்சு புள்ள?"

பாகு கருகுற மாதிரி, நாலு நாளா, என்று அவள் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றி அதன் உள்ளே பார்த்தார்.

"எங்க வீட்டுலயும் ரெண்டு நாளா அந்த வாசனை வருது. உங்க மாமி கேக்கு சுடுறா போலன்னு இருந்துட்டேன்." தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "அவ தங்கச்சி வீட்டுக்குப் போயி ஒரு வாரம் ஆச்சு."

பொலோனா திரும்பிப் பார்த்தாள். சாலையோரத்தில் இரண்டு ஆட்கள் குழாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுருட்டாதீங்க என்று அவள் கத்தினாள். இவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.