சபையம்மாவின் சிவப்புப் பென்சில்

என் மாமியார் தொண்ணூற்று நான்காவது வயதில் செத்துப்போனார். சபையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பார்கள். கடைசிப் பதினோரு வருடம் அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, மலஜலம் அள்ளியவள் நான். செத்துப்போனார் என்று சொல்லும் உரிமையை உழைத்துச் சம்பாதித்திருக்கிறேன்.

ஊருக்கெல்லாம் அவர் சபையம்மா. ஆலயம் தகரக் கொட்டகையாக இருந்த காலத்தில் பத்தொன்பது வயது மணப்பெண்ணாக வந்தவர். சுவர் எழும்பியபோது கலவைக்குத் தண்ணீர் சுமந்தார். ஒன்பது போதகர்கள் வந்தார்கள், போனார்கள். முதல் பெஞ்சின் ஓரத்தில் அவர் மட்டும் அசையாமல் இருந்தார். தொற்றுநோய் பரவிய வருடம் பெற்ற பிள்ளைகளே தொடப் பயந்த பிணங்களை இவர் குளிப்பாட்டி உடுத்தினார். இதில் ஒன்றும் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

அவரிடம் ஒரு விண்ணப்ப நோட்டு இருந்தது. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. சபையில் யாருக்கு என்ன தேவை என்றாலும் அதில் ஒரு வரி ஏறும். பெயர் எழுதமாட்டார், கர்த்தருக்கு ஆள் தெரியும், அடையாளம் போதும் என்பார். ‘அச்சாபீஸ்காரர், ரத்த அழுத்தம்.’ ‘தையல்கார அம்மா, கண்புரை.’ ‘பாட்டுக்குழு நெட்டையன், பெண் அமைய வேண்டும்.’ விடியற்காலை ஐந்து மணிக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லி ஜெபிப்பார். கேட்டது கிடைத்துவிட்டால் அந்த வரியின்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடும், பக்கத்தில் தேதியும் விழும். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோடு விழுந்த வரிகளை எழுந்து நின்று வாசிப்பார், வீட்டாருடையவற்றை மட்டும் விட்டுவிடுவார். ஒவ்வொரு வரிக்கும் சபை முழுவதும் ஒரே குரலில் ஆமென் சொல்லும். நெட்டையனுக்குப் பெண் அமைந்த மாதம் கூரை அதிர்ந்தது.

அவருக்குக் கண் மங்கியபிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், முதல் ஞாயிறுகளில் சபையில் வாசிப்பதும் நான்தான். விடியற்காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வரி வரியாக நான் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார். நானூறு சொச்சம் வரிகள். பால்காரர் வீட்டு நாய்க்குக் கால் முறிந்தபோது அதற்கும் ஒரு வரி. ஒன்பது நாள் அந்த நாய்க்காக ஜெபித்தோம், அது எழுந்து ஓடிற்று, சிவப்புக் கோடு போட்டதும் நான்தான்.

நான் அந்த நோட்டில் இல்லை. எனக்கு முதுகுத்தண்டு தேய்ந்த வருடமும் இல்லை, கர்ப்பப்பையை எடுத்த வருடமும் இல்லை. வாசித்து முடித்தபிறகு தினமும் ஒரு நொடி காத்திருப்பேன்.

“அவ்வளவுதானா அத்தை?”

“அவ்வளவுதான். போய் டீ போடு.”

பேனா என் கையில்தானே இருந்தது, நானே ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கலாம். மாட்டேன். கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் பிச்சை. எனக்கு வேண்டியது அந்தக் கிழவி தானாக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை நினைத்துக் கர்த்தரிடம் ஏதாவது கேட்டாரா என்பதுதான். சிரிக்காதீர்கள். ஒருவருடைய பீத்துணியைப் பதினோரு வருடம் துவைத்துப் பாருங்கள், உங்களுக்கும் இப்படி அற்பமான ஆசைகள் வரும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போதகர் வீட்டுக்கு வந்தார். பதவிக்கு வந்து இரண்டு வருடமே ஆன இளைஞர், எதற்கும் கண் கலங்கிவிடும் சுபாவம்.

“அக்கா, அம்மாவோட பழைய நோட்டெல்லாம் இருக்கும்ல? ஆலயத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சு வைக்கலாம்னு இருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமை நினைவு ஆராதனையில, கேட்டருளப்பட்ட விண்ணப்பங்கள்ல கொஞ்சம் நீங்க வாசிக்கணும். உங்க குரல்ல கேட்டுத்தான் சபைக்குப் பழக்கம்.”

கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியை இழுத்தேன். பத்தொன்பது நோட்டுகள். கடைசி நான்கு என் கையெழுத்து, மற்றவை அவருடையவை. அவர் கண் நன்றாக இருந்த காலத்து நோட்டுகளை நான் தொட்டதே இல்லை. தரையில் உட்கார்ந்து ஒன்றொன்றாகப் புரட்டினேன். போதகர் கேட்டதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், கண் ‘மருமகள்’ என்ற ஒரு சொல்லைத்தான் தேடிற்று. இந்த வீட்டுக்கு மருமகள் நான் ஒருத்திதான்.

ஏழாவது நோட்டில் இருந்தேன்.

இடதுபக்கம் என் நாத்தனாரின் வரி. ‘மகள். வெளிநாட்டில் நர்ஸ் வேலை. கர்த்தர் வழியைத் திறக்க வேண்டும்.’ சிவப்புக் கோடு, தேதி. வலதுபக்கம் நான். ‘மருமகள். வெளியூர் ஆஸ்பத்திரி வேலை. கர்த்தர் வழியை அடைக்க வேண்டும்.’ சிவப்புக் கோடு, தேதி, கீழே ‘தோத்திரம்’ என்று ஒரு சொல்.

நான் எக்ஸ்ரே எடுக்கப் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தேன். முப்பத்திரண்டு வயதில், ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நியமன உத்தரவு வந்தது. மகனை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம், தானும் மாற்றல் வாங்கி வந்துவிடுவதாக என் கணவர் சொன்னார். அவர் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தார். மீட்டர் எந்த ஊரிலும் சுற்றத்தானே செய்யும். பெட்டி கட்டிவிட்டேன். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

அந்த இடுப்பு எக்ஸ்ரே படத்தை நானே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எலும்பு சுத்தமாக இருந்தது. டாக்டரும் அதையேதான் சொன்னார். “படத்துல ஒண்ணும் தெரியல. வலிக்குதுன்னு சொல்றாங்களே, கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும்.” படத்தில் விழாத கீறலும் உண்டு என்று படித்தவளான நான் எனக்கே பாடம் நடத்திக்கொண்டேன். ஆறு வாரம் படுத்திருந்தார். வேலையில் சேரவேண்டிய கெடு போயிற்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலைக்கூட ஊன்றாமல் ஆலயத்துக்கு நடந்தார். சபை எழுந்து நின்று தோத்திரம் சொன்னது. நானும் சேர்ந்துதான் சொன்னேன்.

நோட்டில் என் வரி எழுதிய தேதி, அவர் விழுவதற்கு மூன்று நாள் முந்தியது. சிவப்புக் கோட்டின் தேதி, என் கெடு முடிந்த அன்று.

கணவரிடம் நோட்டை விரித்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார், கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். அதிர்ச்சி அடைந்தவர் முகம் அப்படி இருக்காது என்று எனக்குப் பட்டது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அம்மா சொன்னாங்க, இதை ஜெபத்துல வச்சிருக்கேன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஜெபம்னு சொன்னா என்னடி சொல்றது? ஆமென்னேன்.”

“மாற்றல் வாங்கிட்டு வரேன்னு எங்கிட்ட சொன்னீங்களே.”

“அதையும்தான் சொன்னேன்.” நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “போனவங்களைப் பத்தி இப்போ எதுக்கு? விட்டுடு.”

இந்த மனிதர் நல்லவர். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், யார் எதைச் சொன்னாலும் சரி என்பார். முப்பது வருடமாக அதை நான் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் அந்தப் பக்கத்தை மனத்துக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தேன். செத்தவரிடம் போய் நியாயம் கேட்க முடியாது. ஆனால் சபை உயிரோடுதானே இருக்கிறது? என்னைத் தெரிந்தவர்கள், நான் பெட்டி கட்டியதையும் அவிழ்த்ததையும் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களில் ஒருவராவது தலை நிமிர்ந்து ‘அடப்பாவமே’ என்று சொல்லட்டும், எனக்கு அது போதும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இடம் போதாமல் வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். அத்தையின் படத்துக்கு வெள்ளைப் பூ வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நாத்தனார் முதல் பெஞ்சில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். போதகர் பேசும்போதே இரண்டு முறை அழுதுவிட்டார். பிறகு என்னை அழைத்தார்.

ஏழாவது நோட்டைப் பிரித்தேன்.

“அச்சாபீஸ்காரர். மகனுக்குப் பேச்சு வரவேண்டும்.”

“ஆமென்.”

“மகள். வெளிநாட்டில் நர்ஸ் வேலை. கர்த்தர் வழியைத் திறக்க வேண்டும்.”

“ஆமென்.” நாத்தனார் விசும்பினார்.

அடுத்த வரியை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். “மருமகள். வெளியூர் ஆஸ்பத்திரி வேலை. கர்த்தர் வழியை… அடைக்க வேண்டும்.”

“ஆமென்!”

ஒரு நொடிகூடத் தாமதமில்லை. முந்தியதைவிடச் சத்தமாகவே வந்தது. என் கணவர் குரலும் அதில் கேட்டது. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். முந்நூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். மீதி வரிகளை எப்படி வாசித்தேன் என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

“அண்ணி, பாத்தீங்களா? அம்மாவுக்கு உங்கமேல எவ்வளவு பாசம்! என்னைப் போன்னு அனுப்பிட்டாங்க, உங்களை விடமாட்டேன்னு கர்த்தர்கிட்ட மல்லுக்கட்டியிருக்காங்க. எனக்குப் பொறாமையா இருக்கு.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் சொந்தமாகச் சம்பாதித்து, சொந்த வீடு கட்டி, காரோட்டிக்கொண்டு போனவர், நிஜமான கண்ணீரோடு என்மேல் பொறாமைப்பட்டார். அறைய வேண்டும்போல இருந்தது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். கொடுத்துவச்சவ. இப்படி ஒரு மாமியார் கிடைக்குமா. ஊமை கண்ட கனவுபோல நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

போதகர் புது நோட்டு ஒன்றையும் சீவின சிவப்புப் பென்சில் ஒன்றையும் என் கையில் வைத்தார்.

“அம்மா விட்ட ஊழியத்தை நீங்கதான் தொடரணும் அக்கா. சபையே ஆசைப்படுது.”

என்னை யாரும் கேட்கவில்லை. முகத்தில் அடித்தாற்போலத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். அதற்குள் தையல்கார அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்புரை அவருக்கு இன்னும் தீரவில்லை. அவர் வரியில் கோடு விழவே இல்லை. இப்போது நிழலும் வெளிச்சமும் மட்டும்தான் தெரியும்.

“மொத வரி என்னோடதா இருக்கட்டும்மா. இப்ப நீ வாசிச்சியே, சபையம்மா உனக்காகப் பண்ணின ஜெபம், அதையே எனக்கும் எழுது.”

“எதை?”

“என் மருமகளுக்கு வேற ஊர்ல டீச்சர் வேலை வந்திருக்கு. அடுத்த மாசம் சேரணுமாம். கிளம்பறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா.”

“போகட்டுமேம்மா.”

“போனா என்னை யாரும்மா பாத்துக்குவா? கண்ணு வேற இப்படி ஆயிடுச்சு. உன்னைக் கர்த்தர் நிறுத்தி வச்சாரே, அந்த மாதிரி இவளையும் நிறுத்தணும். நீ எழுதினா கேப்பாரு.”

அவர் பயம் நிஜம். விரல்கள் என் முந்தானையை விடவே இல்லை. அத்தைக்கும் அன்று இதே பயம்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றிற்று. தோன்றியதால் கோபம் குறைந்தது என்று நினைக்கவேண்டாம். பயந்தவர்கள் வாய் திறந்து கேட்டிருக்கலாம். ‘போகாதே, எனக்குப் பயமா இருக்கு’ என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒருவேளை நானாகவே பெட்டியை அவிழ்த்திருப்பேன்.

நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். பேனாவை எடுத்து, முத்து முத்தாக எழுதினேன். ‘தையல்கார அம்மாவின் மருமகள். வெளியூரில் டீச்சர் வேலை. கர்த்தர் வழியைத் திறக்க வேண்டும்.’

அவர் நோட்டை வாங்கி மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார். எழுத்து இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கும். விரலால் அந்த வரியைத் தடவினார்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“தினமும் விடாம ஜெபிப்பியா?”

“தினமும், அஞ்சு மணிக்கு.”

நிம்மதியாக மூச்சுவிட்டார். கண்ணை மூடி, கையைக் கூப்பி, “ஆமென்” என்றார்.

நானும் ஆமென் என்றேன்.