விலைப் புத்தகத்து ஆங்கிலம்

1955ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை, ஸைனுலாப்தீன் முதலாளிக்கு நான் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறி, முட்டை, இறைச்சி கொடுக்கிற கடை அவருடையது. அங்கே எழுத்து வேலை பார்த்த ஆனந்தராசாவுக்குக் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது, இடம் காலியாக இருக்கிறது என்று அப்பா சொன்னார். எனக்காகச் சொல்லவில்லை. சோறு தின்றுகொண்டு ஊர்ச் செய்தியாகச் சொன்னார்.

என்னைப் பற்றி நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பெயர் இரத்தினேஸ்வரி. வயது இருபத்திரண்டு. உறுதியானது. நாளாந்தப் பாவனைக்கு ஏற்றது. கழுவினால் சுருங்காது, நிறம் போகாது. முழுத் திருப்திக்கு உத்தரவாதம். இல்லையேல் பணம் திருப்பித் தரப்படும்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அதை நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தது. அப்பாவுக்குத் துறைமுக டொக்யாட்டில் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. நாலு வருடத்துக்கு முன் அவர் வேலை செய்த அமெரிக்கக் கப்பல் ஒன்றில் குப்பையோடு போட்ட தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆயிரத்து இருநூறு பக்கம். அமெரிக்காவில் தபாலில் சாமான் விற்கிற ஒரு கொம்பனியின் விலைப் புத்தகம். பழைய கடதாசியை றாத்தல் கணக்கில் வாங்குகிற கடைக்குக் கொடுக்க அம்மா அதை எடுத்து வைத்தா. நான் எடுத்து அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புடன் நின்றவள் நான். ஆங்கில எழுத்துகளும் ஐம்பது சொற்களும் தெரியும். பாலையூற்றில் எங்கள் பக்கத்து வீட்டுத் தபால்காரர் தந்த பழைய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். முடிக்க மூன்று வருடம் சென்றது.

அந்த நாட்டில் வீட்டு வேலைக்குப் போடுகிற பூப்போட்ட சட்டை இரண்டு டொலர் தொண்ணூற்றெட்டுச் சதம். அப்பாவின் மூன்றரை நாள் கூலி. குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். உள்ளே பால் போத்தல்கள் வரிசையாக நின்றன. பாட்டுத் தட்டு வாங்கி வைத்து ஆடுகிற இளம்பெண்களுக்கு வெள்ளைக் காலுறை தனியாக இருந்தது. கதிரைகள் எல்லாம் ஒரு படப்பெட்டியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. தகப்பன், தாய், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தொப்பியும் இடுப்பில் சுடுகிற மாதிரி இரண்டு விளையாட்டுத் துவக்கும். நூறு கோழிக்குஞ்சைத் தபாலில் அனுப்புவார்கள், உயிரோடு வந்து சேர்வதற்கு உத்தரவாதம்.

எல்லா விலையும் ஏன் தொண்ணூற்றைந்திலோ தொண்ணூற்றெட்டிலோ முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன். மிச்சச் சதத்தை வாங்கினால் பாவம் என்று விட்டிருப்பார்கள் என்றார் அப்பா. அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தா.

"ரெண்டு சதத்தை விட்டுக் காட்டி மூண்டு டொலரை எடுக்கிறான்," என்றா. "உங்களுக்கு விக்கிறது வலு லேசு."

அந்தப் பொருட்களில் எனக்கு ஆசை இருந்ததா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இருந்தது என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் நான் அடிக்கடி திறந்தது சாமான் பக்கங்களை அல்ல. நடுவில் ஒட்டியிருந்த கட்டளைப் படிவத்தை. பொருளின் இலக்கம், எத்தனை, என்ன அளவு, என்ன நிறம், அது தீர்ந்திருந்தால் இரண்டாவது தெரிவு எது. பென்சிலால் என் பெயரையும் விலாசத்தையும் எழுதுவேன், அழிப்பேன், திரும்ப எழுதுவேன். உனக்கு என்ன வேண்டும் என்று பெயரும் விலாசமும் கேட்டு அதுவரை யாரும் என்னிடம் ஒரு கடதாசி நீட்டியதில்லை.

அந்த ஆங்கிலத்தில் இல்லாதவை பல. காய்ச்சல்காரர் இல்லை. கிழவர்கள் இல்லை. துக்கத்துக்குச் சொல் இல்லை. அழுவதற்கு ஒரு பொம்மை மாத்திரம் இருந்தது. வயிற்றை அமத்தினால் அழும், அதற்கும் விலை போட்டிருந்தது. இந்த மொழியை வைத்துக்கொண்டு ஒரு மனுசரிடம் என்ன கதைக்கலாம் என்று நான் யோசித்ததே இல்லை. ஏனென்றால் யாரும் அதைக் கதைத்து நான் கேட்டதில்லை.

அந்தத் தை மாதத்தில் எனக்கு அவசரம் வந்தது. கிளிவெட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். ஆறு ஏக்கர் வயல். மாப்பிள்ளை கதிரவேல் நல்லவர் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அவர்மேல் ஒரு குறையும் தெரியவில்லை, அதனால்தான் மறுக்கக் கடினமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் அழுது சாதித்திருக்கலாம். நல்லவருக்கு வேண்டாம் என்று சொல்ல வேறொரு காரணம் கையில் இருக்கவேண்டும். அப்பா சொன்னதும் அதுதான்: வேலை ஏதும் கிடைத்தால் யோசிப்போம், இல்லாவிட்டால் மாசி முடியக் கிளிவெட்டிக்கு ஓம் என்று எழுதவேண்டும்.

விண்ணப்பத்துக்குப் பதிலாக, நேரில் வரச்சொல்லி ஆள் வந்தது. அப்பாவோடு போனேன். முதலாளியின் தங்கை மகன் ஜெமீல் என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். முப்பது வயது ஆள், இளையவர்களுக்கு 'நானா', அதாவது அண்ணன். கப்பலுக்குச் சாமான் வள்ளம் கொண்டுபோகிறவர். துறைமுக இங்கிலீசு கதைப்பார், கொஞ்சம் வாசிப்பார், எழுத வராது.

"சுருங்காதாம் மாமா," என்றார். "நிறமும் போகாதாம். ஆனந்தராசாவை ரெண்டு மழையில கண்டம்தானே, வெளிறிப் போனவர்."

எனக்கு முகம் எரிந்தது. என்ன பிழை விட்டேன் என்று அப்போதுதான் பாதி விளங்கியது. ஆனால் முதலாளி சிரித்து ஓய்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"இருவத்தஞ்சு வரியமாக் கடை நடத்துறன். எனக்கு உத்தரவாதம் தந்து வேலை கேட்ட ஆள் இந்தப் புள்ள ஒண்டுதான்," என்றார். "அமெரிக்காவில இருந்து கோதுமை மாக் கப்பல் ஒண்டு வருது. அந்த ஒரு கப்பலுக்கு இருந்து காட்டு. சரி வந்தா வேலை. வராட்டி, நீ எழுதின மாதிரி, திருப்பித் தரவேணும்."

அப்பா என் கடிதத்தில் என்ன இருந்தது என்று வழியெல்லாம் கேட்டார். நான் சொல்லவில்லை.

கப்பல் வர ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் விலைப் புத்தகத்தின் நடுப் பக்கத்தைப் பார்த்து, வெள்ளைக் கடதாசியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். பொருள், எத்தனை, அளவு, இரண்டாவது தெரிவு. பன்னிரண்டு தாள். படிவம் இல்லாமல் அமெரிக்கர்கள் ஒரு சாமானும் வாங்கமாட்டார்கள் என்று நான் முழுதாக நம்பினேன்.

அமெரிக்கன் மா ஏற்றிக்கொண்டு வந்த கப்பலின் குசினிப் பொறுப்பாளர், சமையலுக்குச் சாமான் வாங்குகிறவர், பத்து மணிபோல் கடைக்கு வந்தார். நெடிய மனிதர், கழுத்தெல்லாம் வேர்வை. வாய் திறக்கக் கூடாது என்று ஜெமீல் நானாவுக்கு முதலாளி சொல்லியிருந்தார். நானா வெங்காய மூட்டையில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார்.

வந்தவர் பேசத் தொடங்கினார்.

ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஒன்றும். நான் வாசித்த எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கால் ஊன்றி நிற்பவை. இவர் வாயிலிருந்து வந்தது வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே ஓட்டமாக இருந்தது. கிளிவெட்டி வயல் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆறு ஏக்கரும், வரம்பு வரம்பாக.

"இங்கிலீசு வந்திட்டுது மாமா," என்றார் ஜெமீல் நானா மெதுவாக. "எழுதினவதான் இன்னும் வரயில்ல."

அந்தச் சொல்தான் என்னை நிமிர்த்தியது. பையிலிருந்த தாள்களை எடுத்தேன். ஒன்றை அந்த மனிதருக்கு முன்னால் வைத்தேன், மேலே பென்சிலை வைத்தேன். விலைப் புத்தகத்தில் ஒவ்வொரு படிவத்துக்கும் மேலே இருந்த வசனத்தை, எழுத்துக்கு எழுத்து சொன்னேன்: "தயவுசெய்து தெளிவாக எழுதவும். இரண்டாவது தெரிவையும் குறிப்பிடவும்."

என் உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கதிரையை இழுத்து இருந்து எழுதத் தொடங்கினார். இருபத்தேழு பொருள். உருளைக்கிழங்கு, இல்லாவிட்டால் வற்றாளைக் கிழங்கு. அப்பிள், இல்லாவிட்டால் பப்பாசி. பெயர் தெரியாத ஒரு கீரை, அதற்கு நேரே முட்டைக்கோவா. சிலவற்றுக்கு நேரே, வேண்டாம் என்று கோடு இழுத்தார். எழுதியது எனக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

மறுநாள் சந்தையில் உருளைக்கிழங்கு இருக்கவில்லை. அப்படியான நாட்களில் ஜெமீல் நானா பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு போவாராம். கப்பல்காரர் ஏசி, பாதி வள்ளத்தைத் திருப்பி அனுப்புவார்களாம். திரும்பி வந்த மரக்கறி கடைக்குப் பின்னால் அழுகும். அன்று தாளைப் பார்த்து வற்றாளை ஏற்றினார்கள். மத்தியானம் வள்ளம் வெறுமையாகத் திரும்பி வந்தது. ஜெமீல் நானா அதை இறங்குதுறையில் கட்டிவிட்டு வந்து கை கழுவினார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, வேலை எனக்குத்தான் என்றார். மாதம் அறுபது ரூபா. உள் அறையில் ஒரு மேசை, யன்னலுக்குத் திரை. கடதாசி எல்லாம் என்னிடம் வரும். முன் மேசைக்கு வருகிறவர்களோடு ஜெமீல் கதைப்பார்.

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். தன் சொந்த மகளுக்கு என்றாலும் அதைத்தான் செய்திருப்பார். ஓம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். கிளிவெட்டியிலிருந்து தப்பியாயிற்று, வேறு என்ன வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி கேட்டாள். அவள் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று சொல்கிற குரல். அந்த அறையை எட்டிப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அங்கே இருந்து நான் செய்யப்போவது அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்து மூன்று வருடம் செய்த அதே வேலை. இன்னும் இருபது வருடத்துக்கு ஆங்கிலம் கதைக்கிற ஒரு மனுசக் குரலும் எனக்கு விளங்காமலே இருக்கலாம்.

"ஏலாது முதலாளி," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"எழுதின இங்கிலீசு எங்கட வீட்டிலயே கிடக்கு. காதால கேக்கத்தான் இங்க வந்தனான். முன்னுக்குத்தான் இருப்பன்."

"பொம்பிளைப் புள்ள. கப்பல்காரன் வாற இடம். ஊர் கதைக்கும்."

"ஊர் தமிழிலதானே கதைக்கும் முதலாளி. அது எனக்கு விளங்கும்."

ஜெமீல் நானா சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். கடைசியில், அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வா, நாலு மணிக்கு மேல் ஒரு நிமிடமும் கடையில் நிற்கக் கூடாது என்றார்.

வீட்டில் சொன்னபோது அப்பா, உள்ளுக்கு இருக்கச் சொன்னால் இருக்கக் கூடாதா என்றார். இல்லை என்றேன். முன்னுக்கோ இருக்கப்போகிறாய் என்று கேட்டார். ஓம் என்றேன். கொஞ்சம் கழித்து அதையே திரும்பவும் கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியில் வந்தா.

"ஓம் எண்டு சொன்னவள்தானே. அவள் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

அப்பா எழும்பிப் போய்க் கை கால் கழுவினார். அடுத்த நாள் தபால் கந்தோரில் அட்டை வாங்கி, கிளிவெட்டிக்கு மரியாதையாக நாலு வரி எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

திங்கட்கிழமை என் கதிரையை முன் மேசைக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் முகம் உள்ளுக்கும் முதுகு தெருவுக்குமாக. நான் அதைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு இருந்தேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

பதினொரு மணிக்கு வேறொரு கப்பலிலிருந்து ஒரு ஆள் வந்தார். நான் தாளையும் பென்சிலையும் நீட்டவில்லை. மேசையில் அவர் கைக்கு எட்டாத பக்கம் வைத்துக்கொண்டேன். அவர் மளமளவென்று சொன்னார். எனக்கு விளங்கவில்லை.

"திரும்பச் சொல்லுங்கோ, ஆறுதலாக," என்றேன் ஆங்கிலத்தில். அந்த வசனம் விலைப் புத்தகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அகராதியை வைத்து நானாகக் கட்டியது.

அவர் சொன்னார். விளங்கவில்லை. ஜெமீல் நானா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி மறித்தேன். மூன்றாம் தரம் கேட்டேன். நாலாம் தரம் அந்த ஓட்டத்துக்குள் முட்டை என்கிற சொல் தனியாகத் தலை தூக்கியது. அதைப் பிடித்தேன். எத்தனை என்று கேட்டேன்.

அவர் ஒரு எண் சொன்னார். அது விளங்கவில்லை.

"திரும்பச் சொல்லுங்கோ," என்றேன்.