பாலம் வந்த பிறகு குன்வோரின் தூக்கம்

குன்வோர் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுப்பாள். அசல் தூக்கம் வருவது கார்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஃபெரிப் படகில்தான். முதியோர் இல்லத்தில் விடியற்காலை வேலை. பிற்பகல் மூன்று மணிக்கு முடித்துக்கொண்டு காரை ஃபெரியில் ஏற்றி, இருக்கையைச் சாய்த்தால் போதும். கீழே இயந்திரம் உறும, கண் சொருகிவிடும். மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலான ஃபியோர்டைக் கடக்க இருபது நிமிடம். அதற்குள் பதினொரு வருடங்களாக அவள் கனவில் எங்கெங்கோ போய்வந்தாள். தண்ணீருக்கு அடியில் ஒரு ஆப்பிள் தோட்டம். அதில் ஈரம் படாமல் மேயும் ஆடுகள்.

மறுகரையில் படகு ஊழியன் ஸ்டைனார் கண்ணாடியைத் தட்டுவான்.

"கரை வந்தாச்சு குன்வோர். இறங்குறியா, இல்ல இன்னொரு நடை போயிட்டு வர்றியா?"

ஜூன் மாதம் பாலம் திறந்தார்கள். கொடி, பேண்டு வாத்தியம், கேக். ஃபெரியை நிறுத்திவிட்டார்கள். அக்கரை இப்போது மூன்றே நிமிடம்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட?" என்றான் கணவன் ஆட்லே. "அடுப்பே இன்னும் பத்த வைக்கல."

சோபாவில் படுத்துப் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் படுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரே மாதத்தில் கண்ணுக்கடியில் கருவளையம், தொட்டதற்கெல்லாம் சிடுசிடுப்பு.

"ஊரே சந்தோஷமா இருக்கு, உனக்கு மட்டும் என்னவாம்?"

"தெரியல. சும்மா இரேன்."

ஆகஸ்டில் ஒரு நாள் பிற்பகல், மூடுபனி மலையிலிருந்து இறங்கி நீர்மேல் படுத்திருந்தது. பாலத்துக்கு ஏறும் வளைவில் அவள் கை தானாக ஸ்டியரிங்கைப் பழைய படகுத்துறைப் பக்கம் ஒடித்தது.

துறை வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைத்தாள். ஆனால் பழைய வெள்ளைக் கோடுகளுக்குள் ஆறு கார்களும் ஒரு மீன் லாரியும் படகுக்குக் காத்திருப்பதுபோல் வரிசையாக நின்றன. எதிலும் இன்ஜின் ஓடவில்லை. பக்கத்தில் மெல்ல ஊர்ந்துபோய்ப் பார்த்தாள். முதல் காரில் பாதிரியார், வாயைத் திறந்தபடி. அடுத்ததில் பள்ளிக்கூடத்து டீச்சர், மடியில் திருத்தாத நோட்டுகளோடு. லாரிக்காரன் இரண்டு காலையும் தூக்கி முன்பக்கம் போட்டிருந்தான். அத்தனை பேரும் நல்ல தூக்கத்தில்.

யாரையும் எழுப்பிவிடாமல் கடைசியாகப் போய் நிறுத்தினாள். பனி சன்னலைக் கடந்து போயிற்று. நகர்வது பனியா காரா என்று சொல்ல முடியவில்லை. கல்லில் நீர் தளும்பியது. கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுவதும் சத்தமில்லாமல் கரையைவிட்டு விலகியது.

கண் விழித்தபோது பாதிரியாரின் கார் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பின்னாலேயே மற்றவையும், முறை தவறாமல். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டில் ஆட்லே தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"பாலத்துல நெரிசலா?"

"ஆமா," என்றாள், மீன் உருண்டையைத் தட்டில் போட்டபடி. "இனிமே தினமும் இருக்கும்னு பேசிக்கிறாங்க."